ஆஸ்பத்திரிக் காசை யார் கொடுப்பது? கொஞ்சம் பழைய கதை



இது நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

இரண்டு வாரமாக ஊரில் ஒரே பேச்சு. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் பணத்தை என்ன செய்வது? நமது ஆதார வைத்தியசாலைக்கு இரத்தச் சுத்திகரிப்பு மெஷின் வாங்கிக் கொடுப்பதா, இல்லை ஊருக்கென்று ஒரு தனியார் ஆஸ்பத்திரி கட்டுவதா? சென்ற ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் இந்தப் பேச்சு கொஞ்சம் சூடாகவே போனது. "கவர்மெண்ட் ஆஸ்பத்திரில துண்டு எழுதி வெளியில வாங்கச் சொல்றாங்க, அதுக்கு மெஷின் வேற கேக்குதா?" என்று ஒரு ஹாஜியார் கேட்டார். "பிரைவேட்ல ஒரு ராவு படுத்தா என்ன பில் வரும்னு தெரியுமா நானா?" என்று ஒரு இளைஞர் திருப்பிக் கேட்டார். இருவர் கேட்டதும் நியாயமான கேள்விதான்.

நாம் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கும் ஆள். மருத்துவம் நமக்குத் தெரியாது. ஆனால் "ஆஸ்பத்திரிச் செலவை யார் கொடுப்பது" என்ற கேள்வி நமது ஊரில் முளைத்த கேள்வி அல்ல. உலகம் பூராவும் நூறு நூற்றைம்பது வருடமாக இதற்காகச் சண்டை பிடித்திருக்கிறார்கள். அந்தச் சண்டைகளைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு பேசினால் நமது பேச்சுக்கு ஒரு அடித்தளம் இருக்கும் என்றுதான் எழுதுகிறோம்.

முதலில் நம்மவர் கதை. 1154ஆம் ஆண்டளவில் டமஸ்கஸில் சுல்தான் நூருத்தீன் ஸங்கி ஒரு மாரிஸ்தான், அதாவது ஆஸ்பத்திரி கட்டினார். நூறு வருடத்துக்கும் மேல் கழிந்து, கலாவூன் என்ற மம்லூக் தளபதி டமஸ்கஸில் நோயில் விழுந்தபோது அந்த மாரிஸ்தானின் மருந்தில்தான் சுகமானார். அல்லாஹ் தனக்கு ஆட்சியைத் தந்தால் கெய்ரோவில் இதுபோல் ஒன்று கட்டுவேன் என்று அவர் நேர்ச்சை வைத்ததாக வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார். ஆட்சி கிடைத்தது. 1280களின் நடுவில் மன்சூரி மாரிஸ்தான் எழுந்தது. காய்ச்சலுக்கு ஒரு பகுதி, கண்ணுக்கு ஒரு பகுதி, சத்திர சிகிச்சைக்கு ஒரு பகுதி, பெண்களுக்குத் தனியிடம். பணக்காரர், ஏழை, ஊரார், பரதேசி எல்லோருக்கும் இலவசம்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நமது வட்ஸ்அப் குழுக்களில் இப்படிப் பெருமைகள் நிறையவே சுற்றுகின்றன. நாம் கவனிக்க வேண்டியது வேறு விசயம். கலாவூன் கட்டடத்தை மட்டும் கட்டிவிட்டுப் போகவில்லை. கடைகள், சந்தைகள், ஹம்மாம்கள், இவற்றின் வாடகையை வக்ஃபாக எழுதி வைத்தார். வைத்தியரின் சம்பளமும் மருந்தும் நோயாளியின் சாப்பாடும் அந்த வாடகையிலிருந்து வந்தன. அரசாங்க வரியும் இல்லை, நோயாளியின் மடியும் இல்லை, மூன்றாவதாக ஒரு வழி. பல நூற்றாண்டுகள் அது ஓடியது. பிறகு வக்ஃபு வருமானம் கைமாறியது, கரைந்தது. 1798இல் நெப்போலியனின் படை கெய்ரோவுக்குள் வந்தபோது அந்தப் பெரிய மாரிஸ்தான் பாழடைந்து, சில நோயாளிகளோடு கிடந்தது. கட்டடம் இருந்தது, வருமானம் இல்லை. இந்த இடத்தை ஞாபகத்தில் வையுங்கள், கடைசியில் திரும்பி வருவோம்.

இக்காலக் கதை ஜேர்மனியில் தொடங்குகிறது. 1883இல் பிஸ்மார்க் தொழிலாளருக்கு நோய்க் காப்புறுதிச் சட்டம் கொண்டு வந்தார். பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளி, ஒரு பங்கு முதலாளி. பிஸ்மார்க் ஏழைகள் மேல் இரக்கப்பட்டுச் செய்தவர் அல்ல. தொழிலாளர்கள் சோஷலிசக் கட்சிப் பக்கம் போவதைத் தடுக்கவே செய்தார். ஆனால் அவர் போட்ட பாதையில் இன்றும் ஐரோப்பாவின் பல நாடுகள் நடக்கின்றன.

பிரித்தானியா 1911இல் லொயிட் ஜோர்ஜ் காலத்தில் அதையே கொஞ்சம் மாற்றிச் செய்தது. தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசாங்கம் 2 பென்ஸ். ஆனால் காப்புறுதி உழைக்கும் ஆளுக்கு மட்டும்தான். அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டொக்டரைக் கூப்பிடுவதற்கு முன் பெண்கள் பணப்பையைத் திறந்து பார்த்த காலம் அது.

வேல்ஸ் நாட்டில் ட்ரெடிகர் என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே தொழிலாளர்கள் சம்பளத்தில் சில பென்ஸ் வெட்டிக் கொடுத்து, தாமாகவே ஒரு வைத்திய சங்கம் நடத்தினார்கள். டொக்டர், தாதி, ஆஸ்பத்திரி எல்லாம் அந்தச் சங்கத்தின் கையில். அந்த ஊரில் 13 வயதில் சுரங்கத்துக்குள் இறங்கிய ஒரு பையன் பிறகு சுகாதார அமைச்சரானான். அவர் பெயர் அனூரின் பெவன். 1948 ஜூலை 5ஆம் திகதி அவர் தொடக்கி வைத்ததுதான் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை. ட்ரெடிகரில் பார்த்ததை நாடு முழுவதற்கும் விரித்தார் என்று சொல்லலாம். வரிப் பணத்தில், எல்லோருக்கும், கையில் காசு கேட்காமல்.

டொக்டர்மார் இலகுவில் இணங்கவில்லை. அந்த வருடத்தின் தொடக்கத்தில் மருத்துவச் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் பத்தில் ஒன்பது பேர் எதிர்த்தார்கள். பெவன் விசேட வைத்தியர்களை வளைத்துப் பிடித்தார்: அரச ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டே தனியாகவும் நோயாளி பார்க்கலாம், அரச ஆஸ்பத்திரிக்குள்ளேயே காசு கட்டும் கட்டில்களும் வைத்துக்கொள்ளலாம். இந்த இடத்தையும் கொஞ்சம் ஞாபகம் வையுங்கள். "நாலு மணிக்குப் பிறகு சனல்" என்று நாம் இன்று பழகிப்போன பழக்கத்தின் மூத்த அண்ணன் அதுதான்.

இனி அமெரிக்கா. இந்தக் கதை நமது ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் சொல்ல வேண்டிய கதை. ஏனென்றால் அமெரிக்காவின் தனியார் சுகாதாரக் காப்புறுதியின் ஆரம்ப வாடிக்கையாளர்கள் பள்ளிக்கூட ஆசிரியர்கள்! 1929இல் டெக்சஸ் மாநிலத்தின் டலஸ் நகரில் பெய்லர் என்ற ஆஸ்பத்திரி. அதை நிருவகித்த ஜஸ்டின் கிம்பல் என்பவர் முன்னர் அந்த நகரப் பாடசாலைகளுக்கு அத்தியட்சகராக இருந்தவர். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் பில் கட்டாதவர் பட்டியலில் நிறையப் பேர் அவருக்குத் தெரிந்த ஆசிரியர்கள். அவர் ஒரு வழி சொன்னார்: மாதம் 50 சதம், வருடம் 6 டொலர் கட்டுங்கள், 21 நாள் ஆஸ்பத்திரியில் இருக்கலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். அதுதான் வளர்ந்து புளூ குரோஸ் ஆனது.

அடுத்து இரண்டாம் உலக யுத்தம். சம்பளம் கூட்டக் கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. ஆள் பிடிக்க முதலாளிமார் சம்பளத்துக்குப் பதிலாகக் காப்புறுதி கொடுத்தார்கள். பிறகு அதற்கு வரி விலக்கும் கிடைத்தது. இப்படி யாரும் திட்டமிடாமலே, வைத்தியம் என்பது வேலையோடு ஒட்டிக்கொண்ட ஒன்றாகிவிட்டது. வேலை போனால் காப்புறுதியும் போகும். ஜனாதிபதி ட்ரூமன் 1945இல் எல்லோருக்கும் தேசியக் காப்புறுதி என்று முன்வைத்தார். டொக்டர்மாரின் சங்கம் விளம்பரக் கம்பனியையே கூலிக்குப் பிடித்து, "இது கம்யூனிசம்" என்று பிரசாரம் செய்து தோற்கடித்தது. இருபது வருடம் கழித்து, 1965இல், முதியவர்களுக்கும் வறியவர்களுக்கும் மட்டும் அரச காப்புறுதி வந்தது. ஜனாதிபதி ஜோன்சன் ட்ரூமனின் சொந்த ஊருக்கே போய் அதில் கையெழுத்திட்டு, முதலாவது அட்டையை அந்தக் கிழவர் கையில் கொடுத்தார். 2010இல் ஒபாமாவின் சட்டமும் வந்தது. அதன் பிறகும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர் அங்கே எந்தக் காப்புறுதியும் இல்லாமல் இருக்கிறார்கள்.

அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் 17 சதவீதமளவு சுகாதாரத்துக்குச் செலவழிக்கிறது. நமது அரசாங்கம் செலவழிப்பது 2 சதவீதத்தை ஒட்டித்தான். ஆனால் பிறக்கும் பிள்ளை எத்தனை வயது வரை வாழும் என்ற கணக்கில் இரு நாடுகளும் ஏறத்தாழப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. புதிய மருந்து கண்டுபிடிப்பதிலும், சிக்கலான ஒப்பரேஷனிலும் அமெரிக்காவை யாரும் தொட முடியாது, அதையும் சொல்ல வேண்டும். அங்கே ஆஸ்பத்திரி சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை. வாசலைத் தாண்டுவதற்குத்தான் பிரச்சினை.

கனடாவையும் ஒரு பந்தியில் சொல்லிவிடுவோம். சஸ்காச்சுவான் மாகாணத்தின் முதல்வர் டொமி டக்ளஸுக்குச் சிறுவயதில் எலும்பு நோய். காலை வெட்ட வேண்டும் என்றார்கள். ஒரு சத்திரசிகிச்சை நிபுணர், மாணவர்களுக்குப் பாடம் காட்டுவதற்காக இலவசமாகச் சிகிச்சை செய்து காலைக் காப்பாற்றினார். 'வேறொரு ஏழைப் பிள்ளைக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்காவிட்டால்?' என்ற கேள்வி அவரை விடவில்லை. அவர் தொடக்கிய திட்டம் 1962 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தபோது டொக்டர்மார் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது முதல்வராக இருந்து அசையாமல் நின்றவர் வுட்ரோ லொயிட், முன்னாள் பள்ளிக்கூட ஆசிரியர். (இந்தப் பதிவில் ஆசிரியர்கள் அடிக்கடி வருவது தற்செயல்தான், நம்புங்கள்.) அங்கே ஏற்பட்ட உடன்பாடு வேறு மாதிரி. டொக்டர்மார் அரச உத்தியோகத்தர் அல்ல, தனியாகவே தொழில் செய்வார்கள். ஆனால் பில்லை அரசாங்கம் கட்டும்.

சவூதி, கட்டார் என்று இருக்கும் நம்மவர்களுக்கு இன்னொரு முறை தெரியும். சவூதியில் இக்காமா புதுப்பிக்க மருத்துவக் காப்புறுதி கட்டாயம், அதை முதலாளி எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுவும் வேலையோடு ஒட்டிய முறைதான். ஃபைனல் எக்ஸிட் அடித்தால் முடிந்தது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். இந்தச் சின்னத் தீவில் மேலே சொன்ன எல்லா முறைகளும் ஒரே காலத்தில் இருந்தன என்பதுதான் ஆச்சரியம்.

தர்மம் இருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்து, வைத்திய நூல்களைத் தமிழுக்கு மொழிபெயர்த்தவர். அரசும் இருந்தது. 1858இல் சிவில் மருத்துவத் திணைக்களம், 1864இல் கொழும்பு பொது வைத்தியசாலை, 1870இல் மருத்துவக் கல்லூரி. முதலாளி முறையும் இருந்தது. அதுதான் மலையகம். தோட்டத் தொழிலாளரின் வைத்தியம் தோட்டத்தின் பொறுப்பு என்று 1872 முதல் சட்டங்கள் வந்தன. தோட்ட டிஸ்பென்சரி, தோட்ட ஆஸ்பத்திரி. ஆனால் நோயாளி முதலாளிக்கு ஒரு செலவுக் கணக்கு. 1970களின் நடுவில், உணவுப் பஞ்சம் வந்த காலத்தில், தோட்டங்களில் குழந்தை இறப்பு வீதம் தேசிய சராசரியின் இரண்டு மடங்கையும் தாண்டிப் போனது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1990களில்தான். முதலாளி கையில் வைத்தியம் இருந்தால் எப்படி இருக்கும் என்று அறிய அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை, நுவரெலியாவுக்குப் போனால் போதும்.

எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது 1934இன் மலேரியா. அந்த வருடம் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாக நின்றன. மலேரியா நுளம்புக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. கேகாலை, குருநாகல் பக்கத்து மக்களுக்கு வரண்ட வலயத்து மக்களைப் போல் மலேரியா பழகிய உடம்பும் இல்லை. 55 இலட்சம் பேர் அளவில் இருந்த நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மௌத்தானார்கள். 1935இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஒரு வயதைக் காணவில்லை. நமது மூத்தும்மா ஒன்பது பெற்று ஐந்தை வளர்த்தவர். சின்ன வயதில் அதைக் கேட்கும்போது நமக்கு அது ஏதோ கதை மாதிரி இருந்தது. பிறகு இந்தப் புள்ளிவிபரத்தைப் பார்த்தபோதுதான் அவர் வீட்டு மையத்துகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தவை என்று விளங்கியது.

அந்த நேரத்தில் கேகாலைக் கிராமங்களுக்குக் கொய்னா மருந்தும் உணவும் சுமந்து போனவர்களில் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் இருந்தார்கள். டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன போன்றவர்கள். 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்திருந்தது. 1936 தேர்தலில் மலேரியா அடித்த அதே பகுதிகளில் என்.எம். பெரேரா ருவன்வெல்லையிலும், பிலிப் அவிசாவளையிலும் வென்று அரசாங்க சபைக்குப் போனார்கள். மற்ற அரசியல்வாதிகளுக்கும் விசயம் விளங்கியது. ஆஸ்பத்திரி கட்டினால் வாக்கு வரும்! அதன் பிறகு கிராமங்கள் தோறும் டிஸ்பென்சரி, சிறிய ஆஸ்பத்திரி, பிரசவ விடுதி என்று வந்தன. வாக்குக்காகத்தான் வந்தன, ஆனால் வந்தன. அரசியல்வாதியை நாம் எவ்வளவு ஏசினாலும் இந்த ஒரு விசயத்தில் வாக்குச்சீட்டு செய்த வேலையை மறுக்க முடியாது.

அதற்கு முன்னமே, 1926இல், களுத்துறையில் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியிருந்தது. இன்று நாம் எம்.ஓ.எச். ஒபிஸ் என்கிறோமே, அதன் மூதாதை. மிட்வைஃப் வீடு தேடி வரும் முறை அங்கிருந்து பரவியது. ஆஸ்பத்திரிக்குப் போக வெட்கப்பட்ட, விடப்படாத நமது உம்மும்மாமாரின் வாசலுக்கு வந்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "இந்தப் பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சொன்ன அந்தப் பெண்களை எந்த ஊரிலும் யாரும் பொன்னாடை போர்த்திக் கௌரவித்ததாக நாம் அறியோம். 1940களின் நடுவில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 1,500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது நாற்பதுக்குள் நிற்கிறது. 1985இல் ரொக்பெல்லர் மன்றம் 'குறைந்த செலவில் நல்ல சுகாதாரம்' என்று நான்கு இடங்களைக் காட்டியது: சீனா, கொஸ்டாரிக்கா, கேரளா, இலங்கை.

1951இல் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீக்கப்பட்டது. அதுவரை வசதியுள்ளவரிடம் காசு வாங்கினார்கள். இனி எல்லோருக்கும் இலவசம். வேடிக்கை என்னவென்றால், அதே 1951இல்தான் பிரித்தானியாவில் கண்ணாடிக்கும் பொய்ப் பல்லுக்கும் கட்டணம் போட்டார்கள். கொரிய யுத்தத்துக்கு ஆயுதம் வாங்கப் பணம் தேவைப்பட்டது. அதைப் பொறுக்காமல் பெவன் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தார். ஆண்ட நாடு கட்டணம் போட்ட வருடத்தில், ஆளப்பட்ட நாடு கட்டணத்தை எடுத்தது.

நம்மிடமும் அது அப்படியே நிற்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் வெளிநோயாளருக்கு 25 சதத் துண்டு வந்தது. அப்போது நிதியமைச்சர் யார் தெரியுமா? மலேரியா காலத்தில் கிராமம் கிராமமாக அலைந்த அதே என்.எம். பெரேரா. அரசாங்கத்திடம் டொலர் இல்லை. 25 சதம் பெரிய காசில்லை என்று இன்று தோன்றும். ஆனால் ஊரில் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த 25 சதத்துக்காகப் பிள்ளையின் காய்ச்சலை இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று இருந்தவர்கள் உண்டு. 1977இல் ஆட்சி மாறியதும் அந்தத் துண்டு போனது.

அதே 1970களில்தான் பேராசிரியர் சேனக பிபிலே வருகிறார். அவரும் டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் (ஆம், மலேரியா கால விக்கிரமசிங்கதான்) 1971இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஒரே மருந்தைப் பத்துக் கம்பனி பத்துப் பெயரில் விற்கிறது. நாட்டுக்குள் வந்த 2,000க்கும் மேற்பட்ட மருந்து வகைகளை 600 அளவுக்குக் குறைத்து, அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் மொத்தமாக டெண்டர் போட்டு வாங்கட்டும், டொக்டர்மார் கம்பனிப் பெயரில்லாமல் மருந்தின் பெயரை எழுதட்டும் என்பது அவர் கொள்கை. விலை இறங்கியது, வெளிநாடுகளும் கவனித்தன. 1977இல் கயானா நாட்டுக்கு ஐ.நா. பணியாகப் போன இடத்தில் பிபிலே காலமானார். இன்று மருந்துத் துண்டோடு பாமசிக்குப் போய், "இதே மருந்து வேற கம்பனி விலை குறைவா இருக்கா?" என்று நாம் கேட்கும் கேள்வி அவர் தந்துவிட்டுப் போனதுதான்.

1977க்குப் பிறகு அரச டொக்டர்மார் வேலை நேரம் முடிந்ததும் தனியாக நோயாளி பார்க்கலாம் என்று அனுமதி வந்தது. தனியார் ஆஸ்பத்திரிகள் கொழும்பில் பெருகின. பெவன் லண்டனில் கொடுத்த சலுகை முப்பது வருடம் கழித்து இங்கேயும் வந்து சேர்ந்தது. இதில் நன்மையும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் இன்னும் எத்தனை டொக்டர்மார் அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போயிருப்பார்கள்? ஆனால் காலையில் அரச கிளினிக்கில் மூன்று நிமிடம் பார்த்த அதே டொக்டரைப் பின்னேரம் சனல் பண்ணினால் பதினைந்து நிமிடம் பார்க்கிறார். ஆள் ஒருவர்தான்.

இப்போது நிலைமை இதுதான். ஆஸ்பத்திரியில் தங்கி வைத்தியம் பெறுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அரச வார்டில்தான் படுக்கிறார்கள். ஆனால் வெளிநோயாளரில் பாதியளவு தனியாரிடம் போகிறார்கள். நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் பாதியை ஒட்டிய தொகை மக்களின் மடியிலிருந்து போகிறது. இலவச வைத்தியம் என்று சொல்லிக்கொண்டே ஸ்கேனுக்கும் பிளட் டெஸ்டுக்கும் மருந்துக்கும் நாம் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றபோது நமது வாப்பாவின் கிளினிக் கொப்பியில் ஐந்து மருந்தில் மூன்றுக்கு "வெளியில்" என்று எழுதிக் கொடுத்தார்கள். வெளியிலும் இரண்டு இல்லை. பாமசி பாமசியாக அலைந்தோம். அந்த வாரம் நாமும் பள்ளி முற்றத்து ஹாஜியார் பேசியதைப் போலத்தான் பேசினோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. அரச சுகாதாரத்துறை மேல் நமது சமூகத்துக்கு ஒரு காயம் இருக்கிறது. 2020இல் கொரோனாவில் மௌத்தானவர்களின் ஜனாஸாக்களை எரித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்று சொல்லியும் 2021 பெப்ரவரி கடைசி வரை விடவில்லை. "அரசாங்க ஆஸ்பத்திரியை நம்பாதே" என்ற பேச்சு நம்மிடம் அதன் பிறகு கூடியது. அந்தக் கோபம் நமக்கும் உண்டு. ஆனால் அந்த முடிவை எடுத்தது அதிகாரத்தில் இருந்தவர்கள், வார்டில் நமது நோயாளிகளுக்கு ஒட்சிசன் பிடித்த தாதிமார் அல்ல. தனியார் ஆஸ்பத்திரியில் மௌத்தானாலும் அந்தச் சட்டம் அதே சட்டமாகத்தான் இருந்தது.

சரி, ஊர் விசயம்.

தனியார் ஆஸ்பத்திரி கட்டினால் அதில் யார் வைத்தியம் பார்ப்பார்? நமது ஆதார வைத்தியசாலை டொக்டர்மாரே, நாலு மணிக்குப் பிறகு. தாதிமார்? புதிதாகப் பிடிக்க வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். அந்தச் சம்பளம் நோயாளியின் பில்லில் வரும். கிட்னி நோயாளிக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை சுத்திகரிப்பு. ஒவ்வொரு தடவையும் கட்டணம். மாதாமாதம் அதைக் கட்டக்கூடியவர் இந்த ஊரில் எத்தனை வீடு? கட்ட முடியாதவர் திரும்ப ஸக்காத் நிதிக்கு வருவார். அதாவது நாமே கட்டிய ஆஸ்பத்திரிக்கு நாமே ஸக்காத் பணத்தில் பில் கட்டுவோம்.

அதனால் நாம் மெஷின் பக்கம். ஆனால் மெஷின் வாங்கிக் கொடுத்து, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்துப் போட்டுவிட்டு வந்தால் அது கலாவூனின் கடைசிக் காலத்து மாரிஸ்தான்தான். சுத்திகரிப்புக்கு மெஷின் மட்டும் போதாது. சுத்தமாக்கிய தண்ணீர் தரும் பிளான்ட் வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் வடிகட்டியும் குழாய்களும் வேண்டும், அவை முடிந்துகொண்டே இருக்கும். பயிற்சி பெற்ற தாதிமார் வேண்டும், அவர்களை அமைச்சுதான் நியமிக்க வேண்டும். திருத்த வேலைக்கு ஆள் வேண்டும். மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் நன்கொடை மெஷினை நாம் எல்லோரும் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறோம்.

ஆகவே நமது யோசனை இது. சேரும் பணம் முழுவதையும் மெஷினில் போட வேண்டாம். ஒரு பகுதியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பள்ளிவாசலுக்குச் சொந்தமாக இருக்கும் வெறுங்காணியில் நாலைந்து கடை கட்டி, அதன் வாடகையை ஆஸ்பத்திரிக்கென்று வக்ஃபாக எழுதி, வக்ஃபு சபையில் முறைப்படி பதிவு செய்வோம். வடிகட்டிக்கும் குழாய்க்கும் தட்டுப்பாடு வரும் மாதத்தில் அந்த வாடகை கைகொடுக்கும். கணக்கு ஒவ்வொரு ரமழானுக்கு முன்னும் பள்ளி அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். பக்கத்து ஊர்ச் சிங்கள, தமிழ்ச் சகோதரர்களும் அதே மெஷினில்தான் படுப்பார்கள், ஆகவே ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுவில் இருக்கும் அவர்களோடும் முதலில் பேச வேண்டும். தாதியர் நியமனத்தை எழுத்தில் வாங்கிய பிறகே மெஷினுக்கு ஓடர் கொடுக்க வேண்டும்.

வரும் வியாழன் மஃரிபுக்குப் பிறகு நிருவாகம் கூடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தனியார் ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்பவர்கள் தயவுசெய்து ஒரு மாதச் செலவுக் கணக்கை, சம்பளம் உட்பட, எழுதிக் கொண்டு வாருங்கள். நாமும் கடை வாடகைக் கணக்கை எழுதிக் கொண்டு வருகிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வரலாற்றில் நாம் ஏதும் பிழையாக எழுதியிருந்தால் கீழே சொல்லுங்கள், திருத்திக்கொள்வோம். 25 சதத் துண்டு காலத்து ஞாபகமுள்ள மூத்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டு எழுதுங்கள், நமது மாணவர்களுக்குத் தேவைப்படுகிறது.

வஸ்ஸலாம்.